ஹூக்ளி இமாம்பாரா மருத்துவமனையும் 'வசியம்' என்னும் சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அஸருத் தொழுகைக்குப் பின் நம் மத்ரஸாவின் திண்ணையில் ஒரு மாணவனின் தந்தை வந்து அமர்ந்தார். அவருடைய மனைவிக்கு நெடுநாளாக வயிற்றுக் கோளாறு. பரிசோதனை எதிலும் குறை தெரியவில்லை, வலியோ விட்டபாடில்லை. மருந்துகள் பலவும் மாற்றிப் பார்த்த மருத்துவர், கடைசியில் ஹிப்னாடிச சிகிச்சை ஒன்றைப் பரிந்துரைத்திருந்தார். "ஹஜ்ரத், இது மார்க்கத்தில் கூடுமா?" என்று அவர் கேட்டார். நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. "அது மனோவசியம் பாய், வசியம் சிஹ்ரின் வாசல். வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து சென்றார்.

அந்தப் பெண்மணியின் வலி அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது என்பதை நாம் பின்னர்தான் அறிந்தோம். நாம் கொடுத்த விடைக்கு நம்மிடம் இருந்த ஆதாரம் என்ன என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, 'வசியம்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் கையில் அகப்படவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழில் இக்கலைக்கு 'மனோவசியம்' என்று பெயர் வைத்தவர் எவரோ, அவர் அந்தப் பெயரோடு சேர்த்து ஒரு தீர்ப்பையும் வைத்துவிட்டார். மை, தாயத்து, மந்திரவாதி, முட்டை, எலுமிச்சம்பழம் ஆகிய அனைத்தும் அந்தச் சொல்லின் பின்னால் வரிசை கட்டி வருகின்றன. அரபியிலும் இதே நிலைதான். அங்கே இதற்கு 'அத்தன்வீமுல் மக்னாதீஸி', அதாவது 'காந்தத் தூக்கம் ஆக்குதல்' என்று பெயர். காந்தத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று மேலை மருத்துவ உலகம் முடிவு செய்து 200 ஆண்டுகள் கடந்துவிட்டன. பெயர் மட்டும் பழைய பிழையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அந்தப் பிழை எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால்தான் மேலே பேச முடியும்.

ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் (1734–1815) வியன்னாவில் மருத்துவம் கற்றவர். அண்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. அது மனித உடலில் தடைப்படும்போது நோய் உண்டாகிறது. அதனைத் தம் கைகளால் திருப்பிவிட முடியும் என்பது அவருடைய கொள்கை. அதற்கு 'உயிர்க் காந்தம்' என்று பெயரிட்டார். 1775ஆம் ஆண்டில் தென் ஜெர்மனியில் காஸ்னர் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் பேயோட்டி நோய் தீர்ப்பதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. பவேரிய அரசர் மெஸ்மரின் கருத்தைக் கேட்டார். பாதிரியார் பேயின் பெயரைச் சொல்லி உண்டாக்கிய வலிப்புகளையும் துடிப்புகளையும், மெஸ்மர் பேயின் பெயரையே எடுக்காமல் வெறும் தொடுதலால் உண்டாக்கிக் காட்டினார். காஸ்னர் பொய்யரல்லர், அவரும் அறியாமல் உயிர்க் காந்தத்தைப் பயன்படுத்துகிறார் என்பது அவர் தந்த விளக்கம். பேய் போயிற்று, அதன் இடத்தில் காந்தம் வந்து அமர்ந்தது.

காந்தத்தின் ஆட்சியும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. மெஸ்மர் பாரிஸுக்குச் சென்று பெரும் புகழும் பணமும் ஈட்டியபோது, 1784இல் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலின் தந்தை எனப்படும் லவாய்சியே, வானியலாளர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின் போன்றோர் அதில் இருந்தனர். குழுவின் முன் செய்துகாட்ட வந்தவர் மெஸ்மரல்லர், அவருடைய மாணவர் டெஸ்லோன். பாஸியில் ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்திற்கு மட்டும் 'காந்தம்' ஏற்றினார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். அவனோ காந்தம் ஏற்றப்படாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். உயிர்க் காந்தம் என்று ஒன்று இல்லை, விளைவுகள் அனைத்தும் கற்பனையால் உண்டானவை என்று குழு எழுதிக் கொடுத்தது.

குழுவினர் சொன்னது சரிதான். எனினும் அவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. கற்பனை ஒரு சிறுவனை மரத்தடியில் வீழ்த்தும் என்றால், அதே கற்பனை ஒருவனை எழுப்பி உட்கார வைக்குமா என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

கேட்டவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். கோவாவின் காண்டோலிம் ஊரில் 1756இல் பிறந்து, பாரிஸில் 1819இல் இறந்த பாதிரியார் ஃபாரியா. தூக்கம் போன்ற அந்த நிலையை உண்டாக்கும் ஆற்றல் செய்விப்பவனின் கையில் இல்லை, அதற்கு உட்படுபவனின் உள்ளத்திலேயே இருக்கிறது என்று முதன்முதலில் துணிந்து சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அவருக்குப் பஞ்சிமில் 1945இல் வைத்த சிலையைப் பார்த்தவர்கள், ஒரு பெண்ணின் மேல் கைகளை விரித்து ஏதோ மந்திரம் போடுவதுபோல் அவர் நிற்பதைக் கண்டிருப்பார்கள். எந்தக் கொள்கையை மறுக்க அவர் நூல் எழுதினாரோ, அதே கொள்கையின் உருவமாக அவரைச் செதுக்கி வைத்துவிட்டார்கள்! பின்னர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு என்னும் அறுவை மருத்துவர், 1841இல் ஒரு மேடைக் காட்சியை ஏமாற்று என்று நிரூபிக்கும் எண்ணத்தோடு சென்று, அதில் ஓர் உண்மை இருப்பதைக் கண்டு திரும்பினார். 1843இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே, உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவான 'ஹிப்னாடிசம்' என்ற பெயர் பரவியது. இது தூக்கமே அல்ல, ஒரே எண்ணத்தில் மனம் குவிந்துவிடும் நிலை என்பதைப் பின்னாளில் அவரே உணர்ந்து பெயரை மாற்ற முயன்றார். ஆனால் பெயர் அவர் கைக்குத் திரும்பவில்லை.

இனி நாம் சொல்ல வந்த இடத்திற்கு வருவோம். அது வங்காளத்தின் ஹூக்ளி நகரம்.

ஹூக்ளியின் பெயரைச் சொன்னால் வங்க முஸ்லிம்களின் நினைவில் முதலில் வருபவர் ஹாஜி முஹம்மது முஹ்சின். 1732இல் அங்கே பிறந்தவர். அரபு நாடுகள், ஈரான் என நெடுங்காலம் பயணம் செய்து ஊர் திரும்பியவர். அவருடைய தாய்வழிச் சகோதரி மன்னுஜான் கானம், தமக்குத் தந்தையிடமிருந்து வந்த பெரும் நிலவுடைமையை 1803இல் இறக்கும்போது இவருக்கே விட்டுச் சென்றார். மனைவி மக்கள் இல்லாத முஹ்சின், 1806இல் அந்தச் சொத்து முழுவதையும் அல்லாஹ்வின் பாதையில் வக்ஃபு செய்து பத்திரம் எழுதினார். 1812இல் அவர் இறந்த பிறகு, வக்ஃபுச் சொத்துகளுக்கு வழக்கமாக நேர்வதே இதற்கும் நேர்ந்தது. முதவல்லிகள் கையாடினார்கள், வழக்கு நடந்தது, கம்பெனி அரசாங்கம் நிர்வாகத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. சேர்ந்த பணத்திலிருந்து 1836இல் ஹூக்ளி கல்லூரி எழுந்தது. முஸ்லிமின் வக்ஃபில் நடந்த அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே படித்தனர் என்பதை டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரே தம் நூலில் குறையாக எழுதினார். 1870களில்தான் அந்நிதி முஸ்லிம்களின் கல்விக்கும், டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி மத்ரஸாக்களுக்கும் திருப்பப்பட்டது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு. அந்த வக்ஃபின் துணையில் ஏழைகளுக்காக நடந்த தர்ம மருத்துவமனை ஒன்றும் உண்டு. அதற்கு இமாம்பாரா மருத்துவமனை என்று பெயர். இன்றும் ஹூக்ளி மாவட்ட மருத்துவமனை அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே 1845இல் பொறுப்பில் இருந்த கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல். ஸ்காட்லாந்துக்காரர், 1808இல் பிறந்தவர், எடின்பரோவில் பயின்றவர். ஹூக்ளி சிறை மருத்துவமனையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. அந்நாளில் அறுவை சிகிச்சை என்றால் என்ன என்பதை இன்றுள்ளவர்கள் கற்பனை செய்வதே கடினம். மயக்க மருந்து கிடையாது. நாலைந்து பேர் நோயாளியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக அறுப்பார். கத்திக்குத் தப்பியவர்களில் பலர் அதிர்ச்சியிலும், பின்வரும் சீழிலும் மாண்டனர். வங்காளத்தின் ஈரமண்ணில் யானைக்கால் வகை நோயால் அடிவயிற்றின் கீழ் மணங்கு மணங்காகக் கட்டி வளர்ந்தவர்கள் ஏராளம். அவற்றை அறுக்க மருத்துவர்கள் அஞ்சினார்கள், நோயாளிகள் அதைவிட அஞ்சினார்கள்.

1845 ஏப்ரல் 4ஆம் நாள், மாதப் கௌரா என்னும் கைதி எஸ்டெய்லின் முன் படுத்திருந்தார். சாலை வேலைத் தண்டனை பெற்றவர். இருபுறமும் விரைவீக்கம். ஒரு பக்கம் நீரை எடுத்து மருந்து செலுத்தியதும் அவர் வலியால் துடித்தார். எஸ்டெய்ல் அதுவரை மெஸ்மரிசத்தைக் கண்ணால் கண்டவரில்லை, படித்தது மட்டுமே. அருகில் நின்ற வங்காளி உதவி மருத்துவர் புத்தன் சந்திர சௌத்ரியைப் பார்த்து, "நீர் இதைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். மருத்துவக் கல்லூரியில் முயன்றதைப் பார்த்திருப்பதாகவும், ஆனால் பலிக்கவில்லை என்றும் அவர் சொன்னார். எஸ்டெய்ல் முயன்று பார்க்கத் துணிந்தார். கைதியின் முகத்திலிருந்து வயிறுவரை, தொடாமல் கைகளை மெதுவாக இழுத்து இழுத்து வந்தார். நேரம் நகர்ந்தது. ஒரு கட்டத்தில் கைதி கண்ணைத் திறக்க இயலாதவராய், குத்தினாலும் நெருப்பைக் காட்டினாலும் அசையாதவராய் ஆனார். அதிகாரிகள் சிலரை உடனே வரவழைத்துக் காட்டி, நடந்ததை எழுதி வைத்துக்கொண்டார் எஸ்டெய்ல்.

அதன் பின் எட்டு மாதங்களில் 73 அறுவை சிகிச்சைகளை வலியின்றிச் செய்ததாக அவர் கணக்குக் காட்டினார். கை துண்டித்தல், மார்பகக் கட்டி, மேல்தாடைக் கட்டி, பெருங்கட்டிகள் எல்லாம் அதில் அடங்கும். 1846இல் லண்டனில் அவர் நூலும் வெளிவந்தது.

அவருடைய முறை இன்றைய ஹிப்னாடிசத்தைப் போன்றதன்று. பேச்சே கிடையாது. இருட்டாக்கிய அறையில் நோயாளியைப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஓர் உதவியாளர் அமர்ந்து மணிக்கணக்கில் கைகளை இழுத்துக்கொண்டும், அவ்வப்போது தலைமேல் மூச்சை ஊதிக்கொண்டும் இருப்பார். சிலருக்கு ஒரே நாளில் பலித்தது; சிலருக்கு பத்து நாளும் ஆயிற்று. எஸ்டெய்ல் தாமே இதைச் செய்து களைத்துப்போய், பின்னர் மருத்துவமனையில் மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் இருந்த இந்து, முஸ்லிம் இளைஞர்களைப் பழக்கி அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த இளைஞர்களின் உழைப்பின்மேல்தான் அவருடைய புகழ் நின்றது. அவர்களைப் பற்றி வரலாறு மிகச் சில வரிகளே வைத்திருக்கிறது.

ஊரில் நோயாளியைத் தடவி, ஊதி, நீர் தெளித்துப் பார்க்கும் உள்நாட்டு வைத்தியர் ஒருவரைச் சந்தித்ததையும் எஸ்டெய்ல் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் செய்வதும் தாம் செய்வதும் ஒன்றே என்பது அவர் துணிபு. ஆனால் அந்த ஒன்று எது என்பதில் அவர் இறுதிவரை தவறினார். உயிர்க் காந்தத் திரவம் தம் கையிலிருந்து பாய்வதாகவே அவர் நம்பினார். வங்காளிகள் நரம்பு வலுவில்லாத இனத்தார் ஆதலால் எளிதில் வசப்படுகிறார்கள் என்றும் எழுதினார். ஆளும் இனத்தின் செருக்கு மருத்துவனின் கண்ணையும் மறைக்கும்போலும். கொள்கை பொய்; ஆனால் அறுவை மேசையில் கதறாமல் கிடந்த மனிதர் மெய். இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்வது நமக்கும் முதலில் கடினமாகவே இருந்தது.

1846இல் வங்க அரசாங்கம் ஒரு குழுவை அமைத்து எஸ்டெய்லைச் சோதித்தது. குழுவின் அறிக்கை நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்த நோயாளிகளில் சிலர் மயங்கவே இல்லை. மயங்கியவர்களில் சிலர் கத்தி பட்டபோது முகம் சுளித்தனர், உடல் முறுக்கினர். ஆனால் விழித்த பின் எதுவும் தெரியாது என்றனர். மற்றவர்கள் பிணம்போல் கிடந்தனர். முழு வெற்றியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. அதன் விளைவாகக் கல்கத்தாவில் ஓராண்டுக்கு மெஸ்மரிச மருத்துவமனை ஒன்று அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. 1848இல் அரசாங்கம் அதை மூடியபோது, உள்ளூர்ப் பெருமக்கள் மனுக் கொடுத்தார்கள். சந்தா திரட்டித் தாமே ஒன்றை நடத்தவும் செய்தார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு வலியின்றி அறுவை செய்து காட்டினார்கள். 1847இல் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார். மணிக்கணக்கில் கையை இழுக்க வேண்டியதில்லை, துணியில் சில சொட்டு போதும், யாருக்கும் பலிக்கும். எஸ்டெய்ல் 1851இல் இந்தியாவை விட்டுச் சென்று 1859இல் இறந்தார். அவரோடு அம்முறையும் அடங்கிப்போயிற்று. நாம் அந்நாளில் இருந்திருந்தால் நாமும் குளோரோஃபார்மையே தேர்ந்திருப்போம்.

இந்த வரலாற்றில் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. அந்த முதல் நோயாளி விலங்கிடப்பட்ட கைதி. அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. பிற நோயாளிகளுக்கும் என்ன செய்யப்படுகிறது என்பதை எஸ்டெய்ல் சொல்லவில்லை. சொல்லாததையே, இது கற்பனையின் விளைவல்ல என்பதற்கு அவர் ஆதாரமாகவும் காட்டினார். நம் ஃபிக்ஹு நூல்களில் மருத்துவனின் பொறுப்பைப் பற்றிய பாடத்தை ஓதிக்கொடுக்கும்போது, நோயாளியின் அனுமதியும் மருத்துவனின் தகுதியும் இரு நிபந்தனைகளாக வருவதை மாணவர் அறிவர். மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு முஸ்லிமின் வக்ஃபால் நடந்த மருத்துவமனையில் அந்த முதல் நிபந்தனை பேணப்படாமல் போயிற்று.

உள்ளத்தின் எண்ணம் உடலில் வேலை செய்யும் என்பதை ஐரோப்பியர் 1784இல் வியப்போடு கண்டுகொண்டார்கள். நம் முன்னோருக்கு அது புதிதன்று. இப்னு சீனா (980–1037) தம் 'ஷிஃபா' நூலின் ஆன்மா பற்றிய பகுதியில் எளிய எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறார். தரையில் கிடக்கும் பலகையின்மேல் ஒருவன் தடுமாறாமல் நடந்துவிடுவான். அதே பலகையை ஒரு பள்ளத்தின்மேல் பாலமாக வைத்தால், விழுவோம் என்ற எண்ணமே அவனைக் கால் இடறச் செய்துவிடும். நலமடைந்துவிட்டோம் என்று உறுதியாக நம்பும் நோயாளி நலமடைவதும் உண்டு என்று அதே இடத்தில் அவர் கூறுகிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் பலகை உதாரணத்தை எடுத்தாண்டுள்ளார்கள். அவருக்கும் முன்பே, பல்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934) உடல் நலத்திற்கும் உள்ள நலத்திற்கும் ஒரே நூலில் இரு பகுதிகள் எழுதினார். மனம் தெளிவாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள். கலங்கும் வேளையில் அவற்றை எடுத்துப் பயன்படுத்து. வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருப்பதுபோல என்பது அவருடைய அறிவுரையின் சாரம்.

தன்னைப் பசு என்று எண்ணிக்கொண்டு, 'என்னை அறுங்கள்' என்று கதறிய இளவரசனை இப்னு சீனா குணப்படுத்திய கதையை நம் மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். அவர் கசாப்புக்காரர் வேடத்தில் கத்தியோடு வந்து, இளவரசனைத் தடவிப் பார்த்து, 'இந்தப் பசு மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள், பிறகு அறுக்கலாம்' என்று சொல்லிச் சென்றாராம். கொழுக்க வேண்டுமே என்று இளவரசன் உண்ணத் தொடங்கினான்; உணவோடு மருந்தும் உள்ளே சென்றது. இதனைச் சொன்னவர் இப்னு சீனாவுக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்ட நிஜாமி அரூஸி. நடந்ததா புனைந்ததா என்பது வேறு விஷயம். நோயாளியின் எண்ணத்திற்குள் நுழைந்து அங்கிருந்தே அவனை வெளியே அழைத்து வரலாம் என்பதை அன்றைய மக்கள் இயல்பாகவே ஏற்றிருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

இனி மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். சவூதியின் நிலையான ஃபத்வாக் குழு, 'தன்வீம் மக்னாதீஸி' என்பது ஜின்களின் துணையோடு செய்யும் குறிசொல்லுதலின் ஒரு வகை, எனவே கூடாது என்று தீர்ப்பளித்துள்ளது. அந்தப் பெருமக்கள்மீது நமக்கு மரியாதை உண்டு. ஜின்னை அழைத்து மறைவானவற்றைக் கேட்பவன் செய்வது எதுவோ அதற்கு அந்தத் தீர்ப்பு சரியே. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் மருத்துவர் நாற்காலியில் அமர வைத்து, மூச்சைச் சீராக்கி, வலியிலிருந்து கவனத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லும் செயலில் ஜின் எங்கே இருக்கிறது? பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்று உஸூலுல் ஃபிக்ஹில் நாமே பாடம் நடத்துகிறோம். வேறு அறிஞர்கள் இதனை மருத்துவத்தின் வகையாகக் கொண்டு, தீங்கும் ஷிர்க்கும் இல்லாத வரையில் ஆகும் என்று சொல்லியிருப்பதும் இதனால்தான்.

சிஹ்ருக்கும் கற்பனைக்கும் தொடர்பே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மூஸா (அலை) அவர்களின் முன் சூனியக்காரர் எறிந்த கயிறுகளும் கோல்களும் ஓடுவதுபோல் தோற்றமளித்ததைத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. மக்களின் கண்களை அவர்கள் மயக்கியதை அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது. எனவே ஒருவரின் உள்ளத்தை மயக்கி, அவரை ஏமாற்றி, உண்மைக்கு எதிராகத் திருப்பும் வித்தை எவ்வடிவில் வந்தாலும் நாம் அஞ்சத்தான் வேண்டும்.

ஆனாலும் அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் செய்தியை நாம் அன்று ஏன் நினைக்கவில்லை என்பதே நம் கேள்வி. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி அது. அறியாமைக் காலத்தில் நாங்கள் ஓதிப் பார்த்து வந்தோம், அதுபற்றி என்ன கூறுகிறீர்கள் என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அறியாமைக் காலத்துப் பழக்கம்! அந்தச் சொல் ஒன்றே மறுப்பதற்குப் போதுமான காரணமாக நமக்குத் தோன்றும். நபியவர்களோ, நீங்கள் ஓதுபவற்றை என்னிடம் எடுத்துக் காட்டுங்கள் என்று கூறி, ஷிர்க் இல்லாத வரையில் அதில் குற்றமில்லை என்றார்கள். முதலில் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். தீர்ப்பு அதன் பிறகே வந்தது. நம் திண்ணைக்கு வந்த மனிதரிடம் "டாக்டர் என்ன செய்வார், என்ன சொல்வார்?" என்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். 1984இல் மான்செஸ்டரில் வோர்வெல் என்னும் மருத்துவரும் உடனிருந்தோரும், மருந்துக்கு அடங்காத குடல் கோளாறு கொண்ட 30 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹிப்னாடிச சிகிச்சை கொடுத்து 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். அப்பிரிவினர் தெளிவான நலம் கண்டனர். இன்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி, ஓராண்டு மருந்துக்குப் பின்னும் குணமாகாத இந்நோயாளிகளுக்குப் பரிசீலிக்கத்தக்க சிகிச்சைகளில் ஒன்றாக இதனைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெண்மணிக்குச் சொல்லப்பட்ட நோயும் இதுவே. பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் 1992 முதல், தைராய்டு போன்ற அறுவைகளை ஹிப்னாடிசம், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி, சிறிதளவு மயக்க மருந்து ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்து வருகிறார்கள். 1997இல் மொன்றியால் ஆய்வாளர்கள், வலியின் வேதனை கூடும், குறையும் என்று ஹிப்னாடிச நிலையில் உள்ளவர்களிடம் சொல்லி மூளையைப் படமெடுத்தபோது, வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியதைக் கண்டார்கள்.

இந்நிலையில் இருப்பவர் உறங்குவதில்லை, சொல்வதைக் கேட்கிறார், வேண்டாம் என்றால் மறுக்கவும் எழுந்து செல்லவும் அவரால் முடியும். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை. மாணவன் ஒருவன், அப்படியானால் ஒளு முறியுமா என்று கேட்டான். உணர்வு இருக்கும்போது முறியாது. சாய்நாற்காலியில் படுத்தபடியே கண்ணயர்ந்துவிட்டால் மறுபடி ஒளுச் செய்துகொள்ள வேண்டும் என்றோம்.

இவ்வளவு சொன்னதால் எல்லா வாசலையும் திறந்துவிட்டதாக எவரும் கொள்ள வேண்டாம். 'முற்பிறவிக்கு அழைத்துச் செல்கிறேன்' என்பவரிடம் ஒரு முஸ்லிமுக்கு வேலையே இல்லை. மறுபிறவி நம் ஈமானுக்கு நேர் எதிரானது. மறந்த நினைவுகளை மீட்பதாகச் சொல்பவரையும் நம்புவதற்கில்லை. நடக்காததை நடந்ததாக உள்ளம் நம்பிவிடும் அபாயம் இந்நிலையில் கூடுதல் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். மேடையில் ஒருவரைக் கோழிபோல் கூவ வைத்துச் சிரிப்பது மனிதக் கண்ணியத்திற்கு இழுக்கு. இரண்டு நாளில் தன்னம்பிக்கை, மூன்று நாளில் கோடீசுவரன் என்று நட்சத்திர விடுதியில் கட்டணம் வாங்கி நடத்தும் பயிற்சிகளைப் பற்றி நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பணம் போன பின் அவர்களே தெரிந்துகொள்வார்கள். பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர், இல்லையேல் மஹ்ரம் உடனிருத்தல் என்பதையும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். சித்தக் கலக்கம் உள்ளவர்களுக்கு இது தீங்காகவும் முடியலாம் என்பதால், தகுதி பெற்ற மருத்துவர் அல்லாதவரிடம் போகவே கூடாது.

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் நாம் நம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் வந்தது. முன்பு நாம் சொன்னது ஆராயாமல் சொன்னது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று அவரிடம் கூறினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க வேணும்னா சொன்னீங்க ஹஜ்ரத்" என்றார். நாம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருந்தோம். உள்ளறையிலிருந்து அவருடைய மனைவி நம் வீட்டார் மூலம் ஒன்றைக் கேட்டனுப்பினார். அமைதியான இடம் ஒன்றை மனத்தில் நினைக்கச் சொல்வார்களாமே, அப்போது திக்ரு ஓதிக்கொள்ளலாமா? தாராளமாக ஓதலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றோம்.

ஒரு பெண் மருத்துவரிடம் ஏழு அமர்வுகள் முடிந்தன. வலி போய்விட்டதா என்று பிறகு அவரிடம் கேட்டோம். "முழுசாப் போகலை ஹஜ்ரத். மருந்தும் சாப்பிடுறா. ஆனா இந்த ரமலான்ல தராவீஹ் பாதிக்கு மேல நின்னே தொழுதா" என்றார்.